முதுகு காட்டாத படகோட்டிகள்

தண்ணீரைப் பற்றி அறுபத்திரண்டு கவிதைகள் எழுதியிருக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. (இதைப் படிக்கும் வரை என் பதிப்பாளருக்கும் இது தெரியாது.)

சென்னையின் ஓரத்து முடிச்சூரில் 2015-இன் பெருவெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது சத்தமே இல்லை. கேட்டைத் தாண்டியது, செருப்புகளை மிதக்கவிட்டது, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறியது. எட்டாம் படியில் நின்றது. ஒன்பதாம் படியில் நான் நின்றிருந்தேன். அன்றிலிருந்து மழை வந்தால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். நான் படியைப் பார்ப்பேன்.

எங்கள் தெருவே இரண்டு நாள் மொட்டை மாடியில் படகுக்காகக் காத்துக் கிடந்தது. ஆகவே நகர் நலச் சங்கத் தலைவர் சுலைமான் பாய், அடுத்த முறை யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், நாமே ஓட்டக் கற்றுக்கொள்வோம் என்று கூட்டத்தில் சொன்னதும் கைதட்டல் அடங்கவில்லை. எங்கள் கயாக் சங்கம், அதாவது ஒல்லித் துடுப்புப் படகுச் சங்கம், அப்படிப் பிறந்தது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய்தான் அதற்கும் தலைவர். செயலாளராக என்னை முன்மொழிந்தார்கள்.

"சார் தண்ணியப் பத்தியே எழுதுறவரு. மீன் மாதிரி நீந்துவாரு" என்றார் பாய்.

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சால்வை போட்டுவிட்டார்கள். (சால்வை போட்டபின் உண்மை பேசிய எழுத்தாளரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?)

முதல் எட்டு மாதம் சங்கத்தில் படகைத் தவிர எல்லாம் இருந்தது. லெட்டர் பேட் இருந்தது, ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது, மஞ்சளா நீலமா என்று சண்டை போட்டுக் கடைசியில் பச்சையாக வந்த டி-ஷர்ட் இருந்தது. அப்புறம் ஒருவழியாக இரண்டு பேர் உட்காரும் பழைய கயாக் ஒன்று வந்து சேர்ந்தது. ஏரியில் இறக்க அனுமதியும் வந்தது.

தொடக்க விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மழைக்காலம் முடிந்து ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில், உபரி நீர் வழிகிற கலங்கலில், தண்ணீர் இரைந்து விழுந்துகொண்டிருந்தது. கரையில் மனைவியும் மகளும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓடவும் வழியில்லை.

நான் முன்னால், பாய் பின்னால் என்று ஏற்பாடு. ஏறியபின்தான் உறைத்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தலைவர். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எப்படி உட்காருவது? மரியாதையாகத் திரும்பி உட்கார்ந்தேன். பாயும் மகிழ்ந்து புன்னகைத்தார். ஷேர் ஆட்டோவில் போவதுபோல, முழங்காலோடு முழங்கால் இடிக்க, எதிரெதிரே இருந்தோம். கரையில் நின்றவர்கள் உற்சாகமாக ஒரு தள்ளு தள்ளிவிட்டார்கள்.

இருவரும் துடுப்புப் போட்டோம். பாய் முன்னால் போகத் துழாவினார். நானும் முன்னால் போகத் துழாவினேன். அவருடைய முன்னால் வேறு, என்னுடைய முன்னால் வேறு. படகு நின்ற இடத்திலேயே ஆட்டுக்கல் குழவியாகச் சுற்றியது. கரையில் விசில் பறந்தது. (சாகசம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.)

சுற்றிக்கொண்டே நாங்கள் கலங்கல் பக்கம் நகர்வதை நான்தான் முதலில் கவனித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் இரைச்சல் ஒரு படி ஏறியது. எத்தனையாவது படி என்று எண்ணத் தொடங்கினேன்.

"பயப்படாதீங்க சார். கவுந்தா என்ன, நீங்கதான் இருக்கீங்களே" என்றார் பாய்.

லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறியிருந்தது. அன்று கூட்டத்தில் போட்ட சால்வையைக் கழற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது.

"பாய், எனக்கு நீச்சல் தெரியாது."

ஒருவர் முகம் வெளுப்பதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. எதிரெதிரே உட்கார்ந்ததன் பயன் அது ஒன்றுதான்.

"எனக்கும் தெரியாது சார். நீங்க இருக்கீங்கன்னுதான் ஏறினேன்."

"நீங்க இருக்கீங்கன்னுதான் பாய் நானும் ஏறினேன்."

பாய் உதடு மட்டும் அசைய ஏதோ ஓதினார். நான் என் அறுபத்திரண்டு கவிதைகளில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒரு வரியும் மிதக்கவில்லை.

அப்போது தெர்மோகோல் பலகைமேல் உட்கார்ந்து வலை போட்டுக்கொண்டிருந்த மீன்காரர் சேகர் எங்களைப் பார்த்தார்.

"இன்னா சார், எதிரெதிரா குந்திக்கினு கீறீங்க? யார்னா ஒர்த்தர் திரும்பிக் குந்துங்க."

பாய்க்கு மூட்டுவலி, எழுந்து திரும்ப முடியாது. அப்படியானால் நான்.

வாழ்க்கையில் எதையும் அவ்வளவு மெதுவாக நான் செய்ததில்லை. ஒரு காலை எடுத்தேன். படகு மூச்சை உள்ளே இழுத்தது. இடுப்பைத் திருப்பினேன், ஏரி முழுவதும் சாய்ந்து என்னை எட்டிப் பார்த்தது. தண்ணீர் அன்று எட்டாம் படியில் நின்ற வெள்ளத்தின் நிறத்தில் இருந்தது. கண்ணை மூடி, மற்ற காலையும் கொண்டுவந்து, உட்கார்ந்தேன்.

"மன்னிச்சுக்குங்க பாய், முதுகு காட்டுறேன்."

"உங்க முதுகு எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு சார். துடுப்பப் போடுங்க."

படகு முதல்முறையாக ஒரே திசையில் நகர்ந்தது. சேகர் தெர்மோகோல் பலகையில் வழிகாட்டிக்கொண்டே முன்னால் போக, கயாக் சங்கம் அவர் பின்னால் கரை சேர்ந்தது.

பூமாலையோடு ஓடி வந்தவர்களைப் பாய் கையமர்த்தினார். சங்கத்தில் யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று கேட்டார். பச்சை டி-ஷர்ட் ஒன்றிலிருந்தும் கை எழவில்லை. தண்ணீருக்குள் நின்ற சேகரின் கை மட்டும் எழுந்தது.

அடுத்த ஓராண்டு கயாக்கைக் கட்டிவைத்துவிட்டு எல்லோரும் அவரிடம் நீச்சல் கற்றோம். இன்று சங்கத்தில் ஏழு கயாக்குகள். மகளிர் அணியில் என் மனைவி என்னைத் தாண்டிப் போகும்போது கையசைப்பதுகூட இல்லை. நானும் நீந்துகிறேன், கால் எட்டுகிற ஆழத்தில். ஏரிக்கரை அறிவிப்புப் பலகையில் முதல் விதி: படகில் எதிரெதிரே உட்காரக்கூடாது.

அந்த விதி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. நானும் மனைவியும் நேருக்கு நேர் நின்று வாதாடும்போது, மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சேகர் குரலில் சொல்வாள்:

"யார்னா ஒர்த்தர் திரும்பிக் குந்துங்க."

பெரும்பாலும் நான்தான் திரும்புகிறேன். பழகிய முதுகு.