ஸ்டெப்னி இருந்த இடம்

ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் கார் தும் தும் என்று அதிர்ந்தால், மனுஷன் என்னதான் செய்வான்? தேவேந்திரன் சட்டைப் பையை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கார் அவனுடையது இல்லை, மாமனாருடையது. பட்டுத்தறி வைத்திருக்கும் திருஞானசம்பந்தம், வருகிற வெள்ளிக்கிழமை அதை மருமகன் பெயருக்கே எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"வண்டியில எதையும் நோண்டக் கூடாது மாப்ளே. சீட்டைக்கூடக் கழட்டக் கூடாது. கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும்."

தேவேந்திரன் பவ்யமாகத் தலையாட்டினான். ஆட்டிய தலை நிற்பதற்குள் செவிலிமேட்டில் ஆடியோ கடை வைத்திருக்கும் சிட்டிபாபு முன்னால் போய் நின்றான். பாட்டுக்கு அடியில் பேஸ் தும் தும் என்று அதிராவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது, என்ன செய்ய!

சிட்டிபாபு டிக்கியில் இருந்த ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்தான். அந்தப் பள்ளத்துக்கு அளவாக ஒரு மரப்பெட்டி செய்து, அதற்குள் சப்-வூஃபர் ஸ்பீக்கரை இறக்கி, மேலே பழைய கார்ப்பெட்டையே விரித்துவிட்டான். பிரம்மனே வந்து டிக்கியைத் திறந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டெப்னி அவன் கடையிலேயே தங்கிவிட்டது.

பாட்டுப் போட்டுப் பார்த்தால் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. சத்தத்தை அமுக்கலாம் என்று தேவேந்திரன், தறியில் கழிந்த பட்டு வேஸ்ட்டை ஒரு கோணி நிறையக் கொண்டுவந்து பெட்டிக்குள் திணித்தான். நெசவுக்காரன் புத்தி வேறு எங்கே போகும்? சத்தம் அமுங்கவில்லை. அதுவரை காதில் விழுந்த அடி, இப்போது அடிவயிற்றில் விழுந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமனார், "கூரம் கோயிலுக்குப் போய்ட்டு வரலாம், கிளம்புங்க" என்றார். தேவேந்திரன் ஓடிப்போய்ப் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். முன் சீட்டில் மாமனார். அந்த சீட்டை அவர் யாருக்கும் விட்டுத் தரமாட்டார். பின்னால் மனைவி புவனேஸ்வரியும் மாமியார் கிருஷ்ணம்மாளும்.

மாமனார் தவில் கச்சேரி ஒன்றைப் போட்டார். தும்... தும்...

"இன்னாங்க இது, காலெல்லாம் அதிருது?" என்றாள் புவனேஸ்வரி.

"டயர்ல கல்லு மாட்டிக்கினு இருக்குது," என்றான் தேவேந்திரன்.

"ஆமாமா, கல்லுதான்!" என்றார் மாமனார் அவசரமாக.

எவ்வளவு வெள்ளந்தி மனுஷன்! தேவேந்திரனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"தவிலு சத்தம்னாலே எனக்கு மண்டையிடி. அதுக்குத்தானே ஊட்ல இருந்த பாட்டுப் பொட்டியத் தூக்கிக் குடுத்தேன்? இங்கயும் அதே ரோதனையா?" என்று கிருஷ்ணம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்ளே, முதல்ல அந்தக் கல்ல எடுங்க," என்று பாட்டை நிறுத்தினார் மாமனார்.

இல்லாத கல்லை எடுக்க தேவேந்திரன் வண்டியை ஓரங்கட்டினான். ஓரத்தில் இருந்த ஆணி டயரில் ஏறியது. புஸ்ஸ்ஸ்!

"ஸ்டெப்னிய எடுங்க."

"அதுல காத்து இருக்காது மாமா. நான் பாத்துக்கறேன், நீங்க உக்காருங்க..."

அதற்குள் மாமனார் இறங்கி, டிக்கியைத் திறந்து, கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டார். வட்டமாகக் கறுப்பாக சப்-வூஃபர் விழித்துப் பார்த்தது. பக்கத்து ஓட்டை வழியாக மாம்பழ நிறப் பட்டு நூல் எட்டிப் பார்த்தது.

"திருட்டுத்தனமா? என் வண்டியிலயா?" மாமனார் குரல் ஏரிக்கரை வரை கேட்டது. "ஊட்டு மனுஷங்களுக்குத் தெரியாம மறைச்சு வெக்கிறவனுக்கு இன்னாய்யா மரியாதை? வெள்ளிக்கிழமையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குடு சாவிய!"

சாவி நடுரோட்டில் கைமாறியது. தேவேந்திரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புவனேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரரப் பாத்துக் கத்துக்கோங்க மாப்ளே," என்றாள் கிருஷ்ணம்மாள் பெருமையாக. "முப்பத்தஞ்சு வருஷத்துல எங்கிட்ட ஒரு விஷயம் மறைச்சதில்ல."

மாமனார் இருமினார். "சரி சரி, ஸ்டெப்னி எங்க?"

"சிட்டிபாபு கடையில. போன் பண்ணா கொண்டாருவான்."

"அவன் வாணாம்!" என்று அலறினார் மாமனார். "ஊருல வேற ஆளே இல்லியா?"

"ஸ்டெப்னி அவன்கிட்டதானே இருக்குது மாமா."

மாமனார் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிட்டிபாபு ஆட்டோவில் ஸ்டெப்னியோடு வந்து இறங்கினான். டயரை மாற்றினான்.

"அப்படியே அந்தப் பொட்டியக் கழட்டி எடுத்துக்கினு போப்பா," என்று கிருஷ்ணம்மாள் உத்தரவு போட்டாள். "இந்த வண்டியில இனிமே தும்முன்னு ஒரு சத்தம் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பெட்டி ஆட்டோவில் ஏறியது. தேவேந்திரன் அதை ஒருமுறை தடவிக் கொடுத்து வழியனுப்பினான். சிட்டிபாபு எந்த வேலையையும் பாதியில் விடுகிறவன் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு மாமனார் பக்கம் திரும்பினான்.

"மாப்ளையோடது கழட்டியாச்சு பெரியவரே. போன மாசம் முன் சீட்டுக்கு அடியில உங்களுக்கு வெச்சுக் குடுத்தேனே, அதையும் கழட்டிடவா?"