உள்ளேயே தீர்ந்துவிடும் பொருட்கள்

12 அக்டோபர் 2025, ஞாயிறு.

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். படிவம் ஒன்றில் ஒரு பெயரை எழுதக்கூடாத கட்டத்தில் எழுதிவிட்டேன். அதை விட்டுவிட்டால், இன்று நான் மனித நாகரிகத்தின் உச்சத்தைக் கண்டேன். சக்கரம், அச்சு இயந்திரம், அதற்கடுத்து வேம்பார் சாலையில் பழைய உப்பளத்தின் மேல் எழுந்திருக்கும் ‘முத்தலை உலகம்’ உல்லாசப் பூங்காவின் நுழைவுப் படிவம் என்று வரிசைப்படுத்தினால் யாரும் மறுக்க முடியாது. ஒருவேளை மறுக்கலாம். இரண்டு தடவை யோசித்துப் பார்த்தேன். வரிசை சரிதான்.

பூங்காவுக்குப் போனது விளையாட்டுக்கு அல்ல, பரீட்சைக்கு. என் அக்கா ஹில்டா ஒரு செவிலியர். ஜெப்ஸி பிறந்ததும் வேலையை விட்டவள். அத்தான் கப்பலில் இருக்கிறார். இப்போது எந்தக் கடலில் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. நாளை காலை ஏழு மணிக்கு ஒரு மருத்துவமனையில் அக்கா மறுபடி வேலைக்குச் சேர வேண்டும். அவள் மூன்று மணிக்குத் திரும்பும்வரை பிள்ளையை யார் பார்ப்பது? எனக்குப் பகலில் வேலை இல்லை. மாலையில் மட்டும் சரக்கு ஆவண வகுப்பு. ஆகவே நான்தான் பார்க்க வேண்டும். ஆனால் என்னை நம்பலாமா என்பதில் அக்காவுக்குச் சந்தேகம். எனக்கும்தான்.

“ஏலே ஜெனோ, இன்னைக்கு ஒரு நாள் பிள்ளைய ஒங்கிட்ட விட்டுப் பாக்கேன். அஞ்சரைக்கு அவ வீட்ல இருந்தா நாளைக்கு வேலைக்குப் போவேன். இல்லேன்னா வரலைன்னு போன் போட்டுச் சொல்லிருவேன்” என்றாள்.

ஜெப்ஸிக்கு ஒரு வயது எட்டு மாதம். அவளுக்குத் தெரிந்த சொற்கள் நான்கு: மாமா, தா, போ, காக்கா. பறக்கும் அனைத்தும் காக்கா.

படிவத்துக்கு வருகிறேன். இரண்டு வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னார். டிக்கெட் இல்லாதவர் ‘விருந்தினர்’ அல்ல என்றும், விருந்தினர் அல்லாதவரை விருந்தினர் கட்டத்தில் எழுதக்கூடாது என்றும் சொன்னார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் பேசி நான் கேட்டதில்லை. மீதம் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. ஒன்று, ‘வெளியே எடுத்துச்செல்லும் பொருட்கள்’. இன்னொன்று, ‘உள்ளேயே தீர்ந்துவிடும் பொருட்கள்’. குழந்தைக்கான உணவை மட்டும் உள்ளே கொண்டுபோகலாம். கொண்டுபோனதை உள்ளேயே தீர்த்துவிட வேண்டும் என்பது பூங்காவின் கொள்கை. எனவே பாலும் பிஸ்கட்டும் இரண்டாவது கட்டத்துக்குப் போயின.

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. ஒரே பெட்டியில் வரும் இயந்திரத்தையும் அதன் உதிரிபாகங்களையும் ஒரே வரியில் எழுத வேண்டும், பிரித்து எழுதினால் சரக்கு துறைமுகத்தில் ஒரு மாதம் கிடக்கும் என்று எங்கள் வகுப்பில் பர்னபாஸ் சார் நூறு முறை சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது கட்டத்தில் நான் எழுதினேன்: ‘ஜெப்ஸி 1, பால் புட்டி 2, பிஸ்கட் பாக்கெட் 1, டயப்பர் 4.’ ஒரே வரி. அந்தப் பெண் அதைப் படித்துப் பார்த்து முத்திரை குத்தினார்.

பூங்காவின் உள்ளே எல்லாம் கடல்மயம். பதினொன்று முதல் பதினொன்றேகால் வரை செயற்கைக் குளத்தில் அலை வரும். சுவருக்கு அந்தப்பக்கம் அசல் கடல் இருக்கிறது. அது நேர ஒழுங்கு இல்லாமல் நாள் முழுக்கச் சத்தம் போடுவதால், அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க ஒலிபெருக்கியில் கடல் ஓசையைப் போட்டுவைத்திருக்கிறார்கள். ‘முத்துக்குளிப்பு அனுபவம்’ முழங்கால் அளவுத் தொட்டியில் நடக்கிறது. திறக்கும் ஒவ்வொரு சிப்பியிலும் முத்து உறுதி. அனுபவம் முடிந்ததும் முத்தைச் சிப்பியில் வைத்து மூடிவிட்டு வர வேண்டும்.

எந்த விளையாட்டில் ஏறவும் தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம் தேவை. ஜெப்ஸி எழுபத்தொன்பது. மற்றவர்கள் ஏறுவதைப் பார்க்க உயர வரம்பு இல்லை என்று ஊழியர்கள் பெருந்தன்மையோடு தெரிவித்தார்கள். அவள் அதையும் பார்க்கவில்லை. சாக்கடை மூடியின் ஓரத்தில் போன எறும்புகளை ஒரு மணி நேரம் குந்தியிருந்து பார்த்தாள். பிறகு ஒரு செருப்பைத் தொலைத்தாள். பிறகு என் தோளில் தூங்கினாள். அழவே இல்லை. பரீட்சை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

நாலேகாலுக்கு வெளிவாசலுக்கு வந்தோம். அங்கே மஞ்சள் தடுப்புக் கம்பி ஒன்று. காவலர் மாடக்கண்ணு அண்ணாச்சி படிவத்தைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“பாலு?”

“தீந்துட்டு அண்ணாச்சி.”

“பிஸ்கட்டு?”

“தீந்துட்டு.”

“டயப்பரு?”

“நாலும் தீந்துட்டு.”

“ஜெப்ஸி?”

ஜெப்ஸி கண் விழித்து, “போ” என்றாள்.

அண்ணாச்சி படிவத்தை இன்னொரு முறை படித்தார். உள்ளேயே தீர வேண்டியது தீராமல் வெளியே போகக்கூடாது, ஏதாவது என்றால் தன் வேலைதான் போகும் என்று வருத்தத்தோடு சொல்லி மேலாளரை அழைத்தார். மேலாளர் ஸ்ரீனிவாஸ் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், முகத்தில் அமைதி. எழுதியது என் பிழைதான், அடித்துத் திருத்தித் தருகிறேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். முத்திரை விழுந்த படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்றார். எங்கள் வகுப்பிலும் அதுதான் பாடம். தலையாட்டினேன்.

“சார், இது குழந்தை” என்றேன்.

“எனக்குத் தெரியுது சார். சிஸ்டத்துக்குத் தெரியலையே.”

“விருந்தினரா மாத்த முடியாதா?”

“தாராளமா. டிக்கெட் போட்டாப் போதும். ரெண்டு வயசு முடியட்டும்.”

“அதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு.”

“உள்ளதானே இருக்காங்க. ஒரு அவசரமும் இல்ல.”

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. உதவத்தான் செய்தார். இன்னொரு வழியும் சொன்னார். ‘தீராத மிச்சம்’ என்று பதிவு செய்தால் சமையலறைக்குப் பின்னால் உள்ள அறையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு மணிக்குக் குப்பை வண்டி வந்து மிச்சத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடும், அதனால் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன் என்றார். தலைமை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அங்கே விடுமுறை என்பதையும் மறைக்காமல் தெரிவித்தார். இப்படி ஒளிவுமறைவற்ற நிர்வாகத்தை எங்கே பார்க்க முடியும்?

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஜெப்ஸி வெளியே போய்விட்டாள்.

தடுப்புக் கம்பி தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. அவள் குனியக்கூட இல்லை. ஒற்றைச் செருப்போடு கம்பிக்கு அடியில் நடந்து, வாகன நிறுத்தம் வரை போய், ஒரு கொக்கைப் பார்த்து “காக்கா” என்றாள். நான் ஓடிப்போய்த் தூக்கி வந்தேன். முறைப்படி வெளியேறுவதற்கு முதலில் உள்ளே இருக்க வேண்டுமல்லவா? மேலாளர் நன்றி தெரிவித்தார்.

பத்து நிமிடத்தில் மறுபடி போனாள். மறுபடி தூக்கி வந்தேன். உங்களைப் போன்ற விருந்தினர்களால்தான் பூங்கா ஒழுங்காக நடக்கிறது என்றார் மேலாளர். எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஐந்து மணிக்கு மேலாளர் தேநீர் குடிக்கப் போனார். மாடக்கண்ணு அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, நான் அங்கன திரும்பி நிக்கேன். எனக்கு எதுவும் தெரியாது. நீங்க பிள்ளையத் தூக்கிட்டுக் கெளம்புங்க.”

சொன்னபடியே திரும்பி, சுவரில் தீட்டியிருந்த கடலை ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிடத்தில் ஜெப்ஸி மூன்றாவது தடவையாகக் கம்பிக்கு அடியில் போனாள். பின்னாலேயே நானும் போயிருக்கலாம். ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஆனால் முத்திரை விழுந்த ஆவணம் ஒன்று என் பெயரில் முடிக்கப்படாமல் உள்ளே இருக்கிறதே என்று நினைத்தேன். போய், அவளைத் தூக்கி வந்தேன். அவள் முதல் முறையாக அழுதாள்.

திரும்பிப் பார்த்த அண்ணாச்சி என்னையும் பிள்ளையையும் பார்த்தார். “ஏன் தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

ஐந்தரைக்கு அக்கா போன் செய்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன்: பூங்காவில் பிள்ளையை வெளியே விடமாட்டேன் என்கிறார்கள். ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் வந்து இறங்கினாள். கம்பியைக் கையால் தள்ளிக்கொண்டு வெளிவாசல் வழியாகவே உள்ளே வந்தாள். இது நுழைவாயில் அல்ல என்று மேலாளர் ஆரம்பித்தார்.

“சார், ஒங்க பொருள் எதையும் நான் எடுக்கல. எம்பிள்ளைய எடுத்துட்டுப் போறேன்” என்று ஜெப்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. எந்த மணியும் அடிக்கவில்லை. மொத்தம் பத்து விநாடி. மேலாளர் டேப்லெட்டைப் பார்த்து, பதிவின்படி பிள்ளை இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். வருத்தம் தெரிவித்துவிட்டு அக்காவின் பின்னால் போனேன்.

ஆட்டோவில் ஜெப்ஸி விக்கலோடு தூங்கிவிட்டாள். நான் தோற்றுவிட்டேன், மருத்துவமனைக்குப் போன் போடச் சொல்ல வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் தோளைப் பிடித்தாள்.

“விடுலே. அவனுவ அத்தன பேரு நின்னும் பிள்ளைய ஒரு நிமிசம் கைவிடாம வச்சிட்டு இருந்திருக்க. அது போதும் எனக்கு. நான் வேலைக்குப் போறேன்.”



‘முத்தலை உலகம்’ மீது எனக்கு இன்னும் மரியாதை குறையவில்லை. அதன் வெளிவாசலில் பூட்டு இல்லை, வேலி இல்லை, இருக்கிற ஒரே கம்பிக்கு அடியிலும் ஒரு பிள்ளை நிமிர்ந்து நடந்து போகலாம். பிள்ளையைத் தடுக்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கவும் இல்லை. காவலரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு வழி விடுகிறார். ஆனாலும் அங்கிருந்து பிள்ளை வெளியேற முடியவில்லை. அந்த வேலையை நான் செய்தேன், டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்.

நாளை செய்ய வேண்டியது: காலை ஆறரைக்கு, அக்கா வேலைக்குக் கிளம்பும் முன், மூன்று தடவையும் பிள்ளையை உள்ளே தூக்கி வந்தவன் நான்தான் என்று அவளிடம் சொல்வது.