எண்பத்து மூன்று காணிகளும் இரண்டு இறுவட்டுகளும்

உருத்திரபுரம்,
24.07.2005

அன்புத் தம்பி புவனேந்திரனுக்கு,

அக்கா விமலேஸ்வரி எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம், மாடுகள் இரண்டும் நலம், வாய்க்காலில் தண்ணீர் மட்டும் அரைவாசி நலம். கனடாவில் நீயும் மச்சாளும் பிள்ளைகளும் குளிரிலும் குறைவில்லாமல் இருக்கச் சிவன் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் முதலில் உன் நட்சத்திரத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். நான் நின்று திருத்தினேன். ஆகவே சென்ற வெள்ளிக்கிழமை காலையில் உனக்கு ஏதும் தடங்கல் வந்திருந்தால் அதுதான் காரணம்.

நிற்க. போன கடிதத்தில், "அந்தப் பழைய கொம்பியூட்டரைத் தூக்கி எறியுங்கோ அக்கா, நான் புதுசு ஒண்டு அனுப்புறன்" என்று எழுதியிருந்தாய். எறியவில்லை. நீயும் அனுப்ப வேண்டாம். ஏனென்று கேட்டால் நீ கொஞ்சம் ஆறுதலாக உட்கார்ந்து வாசிக்கவேண்டும்.

எங்கள் மாதர் சங்கத்துக்கு அந்தப் பெட்டியை ஒரு நிறுவனம் தந்துவிட்டுப் போனதும், தமிழ்த் தட்டச்சுத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அது எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்ததும் உனக்குத் தெரியும். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து ஓடியபோது காணிப் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் இந்த ஊரில் எண்பத்து மூன்று குடும்பம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, எல்லையைச் சொல்லச் சொல்லி, நான்கு மாதமாகத் தட்டி வைத்தேன். வடக்கே வடிவம்மாவின் கிணறு, கிழக்கே வாய்க்கால், மேற்கே பாதை என்று சொல்லுவார்கள். தெற்கு வந்தால்தான் சண்டை. ஆண்டியப்பன் தன் வேலி பாலை மரத்தோடு என்பார், சுடலைமுத்து மரம் தன்னுடையது என்பார். கடைசியில் "மரம் இருவருக்கும் பொது" என்று நானே தட்டிவிட்டேன். இரண்டு பேரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

பெட்டியோ ஆறு மாதமாக ஊர்ந்துகொண்டிருந்தது. சங்கத்து ஜெனரேற்றரை இயக்கி அதைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போனால், உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, சோறு வடித்துவிட்டு வரலாம். அப்போதும் அது விழித்திருக்காது. அதிகாரிகள் வந்து காணிகளைப் பதிகிற காணிக் கச்சேரிக்கு ஒன்பது நாள் இருக்கையில், எண்பத்து மூன்றாவது ஆள் எல்லை சொல்லி முடித்த மறுநாள் காலை, கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலத்தைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. அத்தான் றேடியோவுக்குத் தட்டுவதுபோல அதன் தலையில் தட்டிப் பார்த்தார். திருநீறு பூசினார். "செத்துப்போச்சு விமலா" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். எனக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு, செத்தது பெட்டியா, உள்ளே இருக்கிற பட்டியலுமா என்று அறிய ஆசை வந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று ஏனோ மனது சொல்லிற்று.

அதனால் பெட்டியை என் பழைய நூல் சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வவுனியா பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்த மனுசி, "பிள்ளைக்கு எத்தினை மாதம்?" என்று கேட்டா. "எட்டு வருசம்" என்றேன். அவா பையை எடுத்துக்கொண்டு முன் சீற்றுக்குப் போய்விட்டா. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சேலையை அவிழ்க்கச் சொன்னார்கள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"எண்பத்து மூண்டு குடும்பத்தின்ர காணி, தம்பி."

ஆமிக்காரன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தான். காணி எதுவும் கொட்டவில்லை. போகவிட்டான்.

வவுனியாச் சந்தைக்குப் பின்னால் இன்சாப் என்பவர் கடை வைத்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும். முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருந்த மீராசாகிபுவின் மகன். தொண்ணூறில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தளத்துக்குப் போகவேண்டி வந்த குடும்பம்; போன வருடம்தான் இவர் மட்டும் இந்தப் பக்கம் திரும்பினார். அவர் பெட்டியைப் பழைய வழியால் எழுப்பிப் பார்க்கவே இல்லை. "வட்டு பழுதெண்டால் எழுப்ப எழுப்ப இன்னும் பழுதாகும் அக்கா" என்று சொல்லிவிட்டு, கபில நிற அட்டை ஒன்றை எடுத்தார். உள்ளே இரண்டு இறுவட்டு, அதுதான் சீடி. பெட்டியை இயக்குகிற மென்பொருளாம், உபுண்டு என்று பேராம். கேட்டு எழுதினால் தபால் செலவும் இல்லாமல் அனுப்புவார்களாம்.

"முதலாவது காட்டுறதுக்கு, ரெண்டாவது பதிக்கிறதுக்கு. காட்டுறது உங்கட வட்டில ஒண்டையும் தொடாது."

ஏதோ ஒரு விசையை அமத்தி, "இனி இறுவட்டைத்தான் முதல் பார்" என்று பெட்டிக்குக் கட்டளை போட்டார். தம்பி, செத்த பெட்டி எழும்பிற்று! உள்ளே என் பட்டியல் போட்ட இடத்திலேயே இருந்தது. திறந்தார். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, கோழி கிளறின முற்றம் மாதிரி முப்பத்தொரு பக்கம்.

"பட்டியல் பழுதாப் போச்சோ?"

"தெரியேல்லை அக்கா" என்றார் அவர். முகம் கறுத்துவிட்டது.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரீ, எல், எஃப், அரைப்புள்ளி, பெரிய எஃப். வாயால் சொன்னால் ஒன்றும் இல்லை. ஆனால் என் விரல்கள் மேசையில் தாமாகவே அசைந்தன. 'வ', 'ட', 'க்', 'கு'. வடக்கு! இருபது வருடம் தட்டின விரல்கள் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு, மேசையில் தட்டித் தட்டி, "வடக்கு, வடிவம்மாவின் கிணறு" என்று முதல் பக்கம் முழுவதையும் வாசித்தேன். கடைக்கு வந்தவர்கள் எனக்குச் சாமி உரு வந்துவிட்டது என்று விலகி நின்றார்கள்.

இன்சாப் துள்ளி எழுந்தார். "அப்ப எழுத்துகள் சரி, அக்கா! எழுத்தின்ர உடுப்புத்தான் இல்லை!" பழைய வட்டுக்குள் தேடி, நான் பாவித்த பாமினி எழுத்துருவைக் கண்டுபிடித்து அதற்குக் கொடுத்தார். ஒரு கணத்தில் முப்பத்தொரு பக்கமும் தமிழாக மாறிற்று. அதை நான் ஐந்து முறை மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னேன். அலுக்காமல் காட்டினார்.

உடனே பட்டியலை அச்செடுத்து, ஒரு பிரதியை விரலளவுப் பென் டிறைவ் ஒன்றிலும் பத்திரப்படுத்தினோம். பிறகு இரண்டாவது வட்டு. "பழையதை முழுக்க அழிக்கட்டோ எண்டு கேக்குது. நீங்கள்தான் அமத்தவேணும். நான் மாட்டன்" என்று கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் பிள்ளையாரை நினைத்து அமத்தினேன்.

பதிந்துகொண்டிருக்கையில் கேட்டேன். "இதை ஆர் செய்தது? ஏன் சும்மா தருகினம்?"

"உலகத்தில கனபேர் அக்கா. ஒருத்தரை ஒருத்தர் கண்டதுமில்லை. ஆரும் திறந்து பாக்கலாம், திருத்தலாம்."

அச்செடுத்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் மெல்லமாகச் சொன்னார். "எங்கட வாப்பாவுக்கு இப்பிடி ஆரும் எழுதி வைக்கேல்லை." கூலி வாங்கவும் மறுத்துவிட்டார். எனவே புதுசாக எழும்பின பெட்டியில் நான் தட்டின முதல் பக்கம் மீராசாகிபுவின் முல்லைத்தீவுக் காணி. கிழக்கே கடல், மேற்கே பள்ளிவாசல் மதில். வடக்கு எது என்று இன்சாப்புக்கு ஞாபகமில்லை. புத்தளத்தில் இருக்கிற வாப்பாவிடம் தொலைபேசியில் கேட்டார். "வடக்கால ரெண்டு தென்னை. இப்ப நிக்குமோ தெரியாது" என்று பதில் வந்தது. அப்படியே தட்டினேன்.

காணிக் கச்சேரியில் எண்பத்து மூன்றையும் பதிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி பொது மரத்தைப் பார்த்துச் சிரித்தார். பெட்டி இப்போது அரிசி களையும் முன்பே எழும்பிவிடுகிறது. அதோடு உள்ளே தமிழிலேயே கதைக்கிறது! ஆனால் சில இடத்தில் பிழையான தமிழ். பதினான்கு சொற்களைத் திருத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன். இங்கே இணையம் இல்லை. நீ அந்த ஆட்களுக்கு அனுப்பிவிடு. "உருத்திரபுரத்தில் இருந்து ஒரு அக்கா" என்று மட்டும் போடு, போதும்.

சிறியவர்களுக்கு என் முத்தங்கள், மச்சாளுக்கு அன்பு. எல்லா வளமும் பெற்றுக் காய்ச்சல் தடிமன் இல்லாமல் வாழ வாழ்த்தும்,

உன் அக்கா
விமலேஸ்வரி

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகையில் பெட்டியில் தூசு துடைத்தேன். முன்பக்கத்து வாய்க்குள் ஒரு பிளொப்பி முழுவதாக உள்ளே போய் இருந்தது. நான் வைக்கவில்லை. அது உள்ளே இருந்தால் பெட்டி அதையே வாசிக்கப் பார்த்து, முடியாமல், இரண்டு வரி ஆங்கிலம் சொல்லிவிட்டு நின்றுவிடும் என்று இன்சாப் தொலைபேசியில் சொன்னார். அதை வெளியே இழுத்திருந்தால் போதுமாம். பெட்டி பார்க்கிற ஒழுங்கை அவர் மாற்றிவிட்டதால்தான் பிறகு அது பிளொப்பியில் நிற்கவில்லையாம். வவுனியாவும் வேண்டாம், அழித்ததும் வேண்டாம். பிளொப்பிக்குள் ஒன்றுமே இல்லை. கடைசி ஆள் எல்லை சொன்ன அன்று, "இதைப் பிளொப்பியில போட்டு வைக்கவேணும்" என்று நான் வாய்விட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது. மேலே அத்தானின் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: "83 குடும்பம். விமலா பாடுபட்டது. கவனம்." உள்ளே தள்ளிவிட்டால் தானாகப் பதிந்துவிடும் என்று மனிசன் நினைத்திருக்கிறார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் ரெலிபோனில் உளறாதே.