நிலமடக்கியாரின் ஜன்னல்

செத்தவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்ற செய்தி எங்கள் புறநகர் முழுக்கப் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டது என்ற செய்தி பரவ மட்டும் ஆறு மாதம் ஆகும். அது உண்மை அல்லவா, மெதுவாகத்தான் நடக்கும்.

நகரம் வீங்கி வீங்கி எங்கள் வரைக்கும் வந்துவிட்டது. ரயில் மட்டும் வரவில்லை. பேருந்தில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனோம், தொங்கிக்கொண்டே திரும்பினோம். ரயில் வேண்டும் என்று ஊர்வலம் போனோம், தொண்டை கிழியக் கத்தினோம். கடைசியில் கொடுத்தார்கள். தெருக்கோடியில் பெரிய குழி வெட்டி, சுரங்கம் குடையும் இயந்திரத்தைக் கிரேன் வைத்து உள்ளே இறக்கினார்கள். அது எங்கள் காலடியில் ஊர்ந்து வர ஆரம்பித்ததும் அலமாரியில் டம்ளர் ஆடியது, சுவரில் கடிகாரம் ஆடியது, எங்கள் அறிவும் சேர்ந்து ஆடியது.

ரயில் போகிற வழியில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அது போதாதா? "செத்தவங்களை எழுப்பி விட்டுட்டாங்க. அவங்கதான் கீழே உருள்றாங்க" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். இயந்திரம் ஓடுகிறது, அதனால் தரை அதிர்கிறது என்று நம்ப எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதில் என்ன சுவாரசியம் இருக்கிறது?

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். ஆடுகிற வீட்டில் பிடுங்க ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் நிலமடக்கியார், அவரே வைத்துக்கொண்டது. கறுப்பு அங்கியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, கண்ணைப் பாதி மூடி, "படுங்கள்!" என்பார். அதிர்வு நின்றுவிடும். நிஜமாகவே நின்றுவிடும். கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாய் மூடுவதற்குள் உண்டியல் முன்னால் வந்துவிடும். தரைத்தள வீடென்றால் முழுக் கட்டணம், மாடி வீடென்றால் பாதி. மாடி ஏறினால் செத்தவர்களுக்கு மூச்சு வாங்குமாம். மறுபடி அதிர ஆரம்பித்தால், "இது வேற ஆள், இப்பதான் எழுந்திருக்கான்" என்பார். கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கா பஞ்சம்?

அவர் தர்பார் நடத்தத் தேர்ந்தெடுத்தது காப்பீட்டு முகவரின் மாடிக் கூடத்தை. பூமியின் நாடி அங்கேதான் ஓடுகிறதாம். நாளைக்கு என்ன நடக்குமோ என்று ஊரையே பயமுறுத்திக் காப்பீடு விற்கிற முகவர், தன் வீட்டில் நடப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

அதே கூடத்தில் முகவரின் அப்பா கட்டிலோடு கிடந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர், தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. கட்டில் சந்துப் பக்கத்துச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அந்தச் சுவரில், இயந்திரம் வந்த வாரமே ஒரு விரிசல் விழுந்தது. நிலமடக்கியார் அதன்மேல் ஒரு கறுப்புத் துணியைப் பசை போட்டு ஒட்டினார்.

"கட்டு போட்டாச்சு. துணியைத் தொடக்கூடாது, கட்டிலை நகர்த்தக்கூடாது, வெளியாள் சுவரைப் பார்க்கக்கூடாது. மீறினா பெரியவர் உயிருக்கு நான் பொறுப்பில்ல."

வெளியாள் என்றால் ரயில்காரர்களின் பொறியாளர். 'சுவரில் விரிசல் கண்டால் உடனே தெரிவிக்கவும்' என்று விளக்குக் கம்பத்தில் தொலைபேசி எண்ணோடு அவர்கள் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இப்போது அதன்மேல் நிலமடக்கியாரின் சுவரொட்டி சிரித்துக்கொண்டிருந்தது. சுரங்க ஒப்பந்தக்காரருக்கும் இதில் வருத்தமில்லை. இயந்திரத்தின்மேல் புகார் வந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். பிணத்தின்மேல் வந்தால் அவருக்கு என்ன?

முகவரின் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். மாமனாரின் தலைக்கு மேலே அந்தத் துணி நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வந்ததை அவள் கவனித்தாள்.

"என்னங்க, நான் பொறியாளரைக் கூப்பிடப்போறேன். சுவர் சரிஞ்சா மாமா தலைமேலதான் விழும்."

"அதான் ஐயா கட்டு போட்டிருக்காரே!"

"கட்டு சுவருக்கா, உங்க மூளைக்கா?"

"அதிகப்பிரசங்கித்தனமா பேசாதே. அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"அதைத்தாங்க நானும் கேக்குறேன்."

வண்டி பழகுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்தே பழகியவள் அவள். ஒருநாள் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, நிலமடக்கியாரின் பாதி மூடிய கண்ணைக் கவனித்தாள். "படுங்கள்" வருவதற்கு முன்னால் அந்தக் கண் ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்குப் போய்வந்தது. அவளும் எட்டி ஜன்னல் வழியே பார்த்தாள். பிறகு எழுந்து தெருக்கோடிவரை ஒரு நடை போய்வந்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் படிக்கட்டு வரைக்கும் கூட்டம். அவள் ஒரு கெட்டிப் போர்வையைக் கொண்டுவந்து ஜன்னலை மூடிக் கட்டினாள்.

"ஐயா முகத்துல வெயில் அடிக்குது பாருங்க."

நிலமடக்கியார் பதறினார். "அதை எடும்மா! அவங்க வந்து போற வழி அது."

"தரைக்குக் கீழ இருந்து வர்றவங்க எதுக்குங்க மாடி ஜன்னல் வழியா வரணும்? சுவரையே பிளக்கிறவங்களுக்கு ஒரு போர்வை தடையா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஐயா சொல்லி அதிர்வு நின்னுச்சுன்னா, இதைப் பத்தி நான் இனிமே வாயே திறக்கல. நிக்கலைன்னா, இப்பவே மாமா கட்டில் நகரணும். சம்மதமா?"

மனைவி வாயே திறக்க மாட்டாளாம். முகவருக்கு இப்படியொரு காப்பீடு எந்த நிறுவனத்திலும் கிடைத்ததில்லை. "சம்மதம்" என்றார்.

நிலமடக்கியார் தரையில் கையை ஊன்றினார். "படுங்கள்!" டம்ளர் ஆடியது. "படுங்கள் என்கிறேன்!" கடிகாரமும் ஆடியது. "இன்னைக்கு யாரோ முரட்டு ஆள்" என்றார். மரியாதையாகச் சொன்னார், அதட்டினார், கெஞ்சினார். வேர்த்து ஊற்றியது. தொண்டை வறண்டு, தண்ணீர் கேட்டார். அவர் செம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கும்போது அதிர்வு தானாக நின்றது.

"ப... படுங்கள்!" என்று வாய் நிறையத் தண்ணீரோடு கத்திப் புரையேறினார்.

"ஐயா, அவங்க அப்பவே படுத்துட்டாங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் போர்வையை அவிழ்த்தாள். மறுபடி அதிர்வு தொடங்கும்வரை பொறுத்து, ஜன்னல் அருகே போய் நின்றாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "சரி, படுங்கப்பா. போதும்" என்றாள். நின்றது.

கூட்டத்திலிருந்த மருந்துக்கடைக்காரர் தடாலென்று அவள் காலில் விழுந்தார். "தாயே! உங்களுக்கும் அந்தச் சக்தி இருக்கா? எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

ஒரு சாமியாரைக் கவிழ்த்த சூடுகூட ஆறவில்லை, அடுத்த ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

"எழுந்திரிங்க சார்! சக்தியும் இல்ல, ஒரு சுண்டைக்காயும் இல்ல. அதோ அந்தக் கிரேனைப் பாருங்க. இயந்திரம் கொஞ்ச தூரம் குடையும், அப்புறம் நிக்கும். மண்ணு சரியாம இருக்க உள்ளே கான்கிரீட் வளையம் மாட்டணும்ல? அதுக்கான துண்டைக் கிரேன் முன்கூட்டியே குழிக்குள்ள இறக்கும். துண்டு இறங்குச்சுன்னா, கொஞ்ச நேரத்துல அதிர்வு நிக்கப்போகுதுன்னு அர்த்தம். எனக்குச் செத்தவங்க வந்து சொல்லல. குழி வாசல்ல இருக்கிற காவலாளியைக் கேட்டேன், சொன்னாரு. நீங்களும் கேட்டிருக்கலாம்."

அடுத்த முறை கூட்டமே ஜன்னலில் அப்பிக்கொண்டு, துண்டு இறங்கியதைப் பார்த்துவிட்டு, ஒரே குரலில் "படுங்க!" என்றது. நின்றது. இதற்குள் படிக்கட்டில் தடதடவென்று ஓடும் சத்தம். நிலமடக்கியார் செருப்பை விட்டுவிட்டுப் போயிருந்தார், உண்டியலை மறக்கவில்லை.

முகவர் மட்டும் மரம்போல நின்றார்.

"என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? கட்டிலைப் பிடிங்க" என்றாள் அவள்.

இருவருமாகக் கட்டிலைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்தார்கள். அவள் துணியின் நுனியைப் பிடித்துப் பிய்த்தாள். துணியோடு காரை வந்தது. காரையோடு இரண்டு செங்கல் வந்தது. சற்றுமுன் பெரியவரின் தலையணை இருந்த இடத்தில் தொப்பென்று விழுந்தது. சுவரில் இருந்த ஓட்டை வழியே பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற சட்டை தெரிந்தது.

முகவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்பா..." என்றார்.

பெரியவர் மகனைப் பார்த்தார். "சுவர்லேருந்து ஜில்லுனு காத்து வருது, காத்து வருதுன்னு எத்தனை நாளா சொல்றேன்? செத்தவங்க மூச்சு விடுறாங்கன்னான் அந்த ஆளு. நீயும் எனக்கு இன்னொரு போர்வையை எடுத்துப் போத்திவிட்டே!"

முகவர் எழுந்து தெருவுக்கு ஓடினார். விளக்குக் கம்பத்துச் சுவரொட்டியை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, அடியிலிருந்த தொலைபேசி எண்ணைத் தேடினார். கண்ணீரில் எண் சரியாகத் தெரியவில்லை; மருந்துக்கடைக்காரர்தான் படித்துச் சொன்னார். படித்த கையோடு அவர் முகம் வெளுத்தது.

"எங்க வீட்டுலயும் துணி ஒட்டியிருக்காரு."

அவ்வளவுதான், பின்னாலேயே வந்திருந்த கூட்டத்தார் ஆளுக்கொரு பக்கம் வீட்டைப் பார்த்து ஓடினார்கள்.

ஓட வேண்டியவர்கள் அவர்கள் மட்டும்தானா? உங்கள் வீட்டுச் சுவரிலும் எவனாவது எதையாவது ஒட்டிவிட்டுப் போயிருப்பான். பிய்த்துப் பாருங்கள். அதற்குத் தைரியம் இல்லையென்றால், கட்டிலையாவது நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள்.