பன்னிரண்டு பாட்டில் வெற்றி

வசந்தம் பிறந்த மூன்றாம் நாள், காலை ஏழு பத்துக்கு, பாட்டில்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் டீ கிடையாது. மூலிகைச் சாறுதான்.

பாட்டில்காரர் என்பது குடியிருப்பில் அவருக்கு விழுந்த பெயர். மருந்துத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம், இருமல் மருந்துப் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர். மட்டம் கோட்டைத் தொடுகிறதா? நிறம் சரியா? மூடி இறுகியிருக்கிறதா? மூன்று கேள்வி, மூன்று விநாடி, அடுத்த பாட்டில். உள்ளே இருப்பதை ஒரு சொட்டுகூட ருசி பார்த்ததில்லை. சோதிக்கிறவன் சரக்கைக் குடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதத்தில் ஒருவர்கூட அவரிடம் எதையும் நீட்டி, "சரியா இருக்கா, பாருங்க" என்று கேட்கவில்லை. அதுதான் அவருடைய குறை. வெளியே சொல்லிக்கொள்கிற குறையா அது? ஆகவே அடுப்படிக்குப் போய் மனைவியின் டப்பாக்களைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

"நேத்து மிளகு இருநூத்திப் பதினொண்ணு இருந்துச்சு. இன்னிக்கு நூத்தித் தொண்ணூத்தாறு."

"மிச்சம் பதினஞ்சு உங்க வயித்துல இருக்கு."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடக்கூடாதா?"

"இனிமே மைக் வெச்சு அறிவிக்கிறேன்."

மனைவி தையல்காரி. கூடத்து மூலையில் மெஷின், நாலடி தள்ளி அடுப்படி. இரண்டுக்கும் நடுவில் முப்பத்தொரு வருடம் ஓடிக்கொண்டிருந்தவள். டீ ரத்து என்ற செய்தி வந்தபோது அவள் வாயில் மூன்று குண்டூசி இருந்தது. எடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"என்ன சாறு அது?"

"வசந்த காலச் சாறு. குளிர்காலத்துச் சோம்பல் எல்லாம் ரத்தத்துல தங்கியிருக்குமாம். அதை அலசி வெளியேத்தணும்."

"யாரு சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்கான். நாலாம் பக்கம், ரெண்டாவது பத்தி."

"என் ரத்தத்துல ஒண்ணும் தங்கலைங்க. தங்கியிருந்தா இந்நேரம் நீங்க எண்ணிச் சொல்லியிருப்பீங்களே."

"கிண்டலெல்லாம் அப்புறம் பண்ணு. அடுப்படி ஜன்னலோர அலமாரியைக் காலி பண்ணிக் குடு. பாட்டிலுக்கு வெளிச்சம் வேணும்."

அவள் மூன்று குண்டூசியையும் ஒவ்வொன்றாகப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். மூன்றாவதைக் குத்தும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"பந்தயம் வெச்சுக்கலாமா?"

"என்ன பந்தயம்?"

"நம்ம கட்டடத்துல நம்மளைத் தவிர ஆறு வீடு. வீட்டுக்கு ரெண்டு பாட்டில் குடுங்க. ஒரு வாரத்துல பன்னெண்டும் காலியா திரும்பி வந்து, இன்னும் வேணும்னு கேட்டாங்கன்னா, அலமாரி என்னங்க, அடுப்படியே உங்களுக்குத்தான்."

"முழுசாவா?"

"கரண்டி முதக்கொண்டு. ஆனா ஒரு பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் வந்தாலும், அடுப்படிக்குள்ள நீங்க காலெடுத்து வைக்கக் கூடாது. என் மிளகை எண்ணக் கூடாது. ஆயுசுக்கும்."

"எழுதிக் குடு."

வெட்டுத் துணி ஒன்றில் தையல் சுண்ணக்கட்டியால் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. புதினா முன்னூறு இலை, கிழிந்தது ஒன்றுகூட இல்லை. தோட்டத்து ஓரம் முளைத்த மஞ்சள் பூச்செடியின் வேர், விரல் நீளத்தில் நாற்பது. தொட்டால் அரிக்கிற செடியில் அறுபது இலை. அதைக் கை உறை போட்டுப் பறித்தும் ஏழு இடத்தில் அரித்தது. பதினெட்டு எலுமிச்சம்பழத்தின் தோல், உள்பக்க வெள்ளையோடு. எல்லாம் கொதித்தது ஒரு மணி நாற்பது நிமிடம். அளவில் ஒரு பிழை கிடையாது.

மாடி வீட்டுத் தபால்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"அண்ணே, ஏதாவது கருகுதா?"

"சாறுப்பா. இந்தா, ஒரு ஸ்பூன்."

தபால்காரர் விழுங்கினார். கண் இரண்டும் ஒருமுறை பெரிதாகிச் சிறிதாகின. "நல்லா... வேகமா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மாடிக்கு ஓடினார்.

"பாத்தியா! ரெண்டு ரெண்டு படியா ஏறுறான். மூட்டுவலிக்காரன்! ஒரே ஸ்பூன்ல!"

"தண்ணி குடிக்க ஓடுறாருங்க" என்றாள் மனைவி. அவர் காதில் அது விழவில்லை.

பதினொன்றே காலுக்குப் பன்னிரண்டு பாட்டிலிலும் சாறு கோட்டைத் தொட்டு நின்றது. மூடியின் மேல் காகிதப் பட்டை ஒட்டி, பட்டைமேல் கையெழுத்தும் போட்டார். இனி எமனே வந்தாலும் கலப்படம் செய்ய முடியாது. அந்த நிம்மதியில் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான நாற்பது நிமிடம் தூங்கினார். எழுந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தார். மட்டம் சரி. நிறம் சரி. மூடி சரி. தன் கையால் ஆறு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரண்டாம் நாள் காலை தபால்காரர் வந்து கதவைத் தட்டினார். கையில் இரண்டு காலிப் பாட்டில்.

"அண்ணே, என்னமா இருக்கு! நேத்து ஸ்பூன்ல குடுத்தப்போ நாக்குக்குப் புரியலை போல. இன்னும் இருக்கா?"

பாட்டில்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. நான்காம் நாள் கீழ் வீட்டுப் பல் டாக்டரம்மா வழிமறித்து, "இன்னும் ரெண்டு பாட்டில் எனக்கு எடுத்து வைங்க, சார்" என்றார். ஆறாம் நாளுக்குள் பன்னிரண்டு பாட்டிலும் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை. சிலர் பாட்டிலைக் கழுவிக் குடித்திருந்தார்கள்!

மடித்த துணியை மனைவி முன்னால் எட்டு மடிப்பும் பிரித்து விரித்தார்.

"தோத்துட்டேங்க" என்று ஒப்புக்கொண்டாள் அவள். இடுப்பிலிருந்த சமையல் துணியை அவிழ்த்து, பட்டமளிப்பு விழாவில் அங்கி மாட்டுவதுபோல அவர் தோளில் போட்டாள். "அடுப்படி உங்களோடது."

"முழுசாவா?"

"கரண்டி முதக்கொண்டு."

முப்பத்து மூன்று வருடத்தில் இப்படியொரு பதவி உயர்வு அவருக்குக் கிடைத்ததில்லை. அன்றே டப்பாக்களுக்கு எண் போட்டார். மிளகை ஆற அமர எண்ணினார். இரண்டாம் தடவைச் சாறு பன்னிரண்டு பாட்டில் காய்ச்சி, கொடுத்துவிட்டு வந்தார். நடுவே சமையலும் நடந்தது. வேறு யார் செய்வார்கள்? மூன்று நாள், ஒன்பது வேளை. பாத்திரம் தேய்த்தது நூற்றெட்டு. கூடத்தில் மெஷின் ஒரு நிமிடம் நிற்காமல் ஓடியது. நடுவில் குரல் மட்டும் வரும்: "உப்பு கம்மிங்க." "பசிக்குதுங்க." ஜெயித்தவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமா?

நான்காம் நாள் பாட்டில்கள் திரும்பி வந்தன. பன்னிரண்டும் ஒரே நேரத்தில், ஒரே கூடையில், தபால்காரர் கையில்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. போன தடவை மாதிரி இல்லை."

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொரு பாட்டிலும் கோட்டுக்குச் சரியாக ஒரே ஒரு வாய் கீழே. நிறம் அதே. மூடியும் அதே. பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, சட்டத்தை மீறி ஒரு மடக்குக் குடித்தார்.

அரை நிமிடம் அவருக்குத் தன் பெயர் நினைவில்லை.

நேரே மெஷின் முன்னால் போய் நின்றார். "போன தடவை பாட்டில்ல இருந்தது என்ன?"

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள். "என்னோட சாறு. இஞ்சி, எலுமிச்சை, தேன், கொஞ்சம் புதினா. உங்களோடதை சாக்கடையில ஊத்திட்டேன்."

"பட்டை ஒட்டி, கையெழுத்துப் போட்டிருந்தேனே!"

"இஸ்திரிப் பெட்டி ஆவியில காட்டினா பட்டை தானா கழண்டுச்சு. அப்புறம் ஒட்டிட்டேன். நீங்க தூங்கின நாப்பது நிமிஷத்துல முப்பத்தஞ்சுல முடிஞ்சுது."

"நிறம்?"

"துணிக்கு நூல் பொருத்துற கண்ணுங்க இது. உங்க சாறு நிறத்துக்கு வர நாலு தடவை டீ டிகாக்ஷன் விட்டேன்."

டீ! அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"சரியா இருக்கா, பாருங்க."

பதினான்கு மாதம் ஆகியிருந்தது, அந்த வார்த்தையைக் கேட்டு. கை தானாகவே மேலே போனது. மட்டம் கோட்டில் நின்றது. நிறத்தில் குற்றமில்லை. மூடியைத் திருகித் திறந்து, குடித்தார். முழுதும் குடித்தார்.

"சரிதான்" என்றார், மெல்லிய குரலில். உடனே நிமிர்ந்தார். "அப்போ பந்தயம் செல்லாது! நீயே வாபஸ் வாங்கிக்கோ உன் அடுப்படியை."

"செல்லாதா? அப்போ ஜெயிச்சது நீங்க இல்லைன்னு ஆறு வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வாங்க. உங்க சாறுன்னா ரெண்டாவது தடவைதான் கணக்கு. அதுல பன்னெண்டுலயும் மிச்சம். தோத்தா மிளகு டப்பா பக்கமே வரக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

பாட்டில்காரர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். துணி இருந்தது. அவள் கையெழுத்தும் இருந்தது. ஆறு வீட்டையும் நினைத்தார். மிளகையும் நினைத்தார். இரண்டையும் மனதில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். மார்பை நிமிர்த்தி, எழுந்து நின்றார்.

"யாரு சொன்னா? ஜெயிச்சது நான்தான்!"

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றாள் அவள், மெஷினை மிதித்துக்கொண்டே. "ஜெயிச்சவரே, மத்தியானத்துக்கு என்ன சமையல்?"