எண்ணெய் அண்ணாச்சியின் திறக்காத சிப்பி

தூத்துக்குடியில் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று கடவுளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவர் எங்கள் எண்ணெய் அண்ணாச்சிதான். எழுபதுகளில் துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை. வேலை சரக்குக் கணக்கு, மூச்செல்லாம் பெட்ரோல்.

பம்பாய்க் கடலில் எண்ணெய் கிடைத்ததாகப் பேப்பரில் வந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "ஏலே, அங்கன இருக்கது இங்கன இல்லாமலா போயிரும்? முத்து கொடுத்த கடல்லா!" ஞாயிறுதோறும் மோட்டார் வள்ளத்தில் போய், வாளியில் கடல்தண்ணீரை மொண்டு முகர்ந்து பார்ப்பார். ஒருநாள், "டீசல் வாசம் வருது!" என்று எழுந்து நின்று கூத்தாடினார்.

"அண்ணாச்சி, அது நம்ம இன்ஜின் ஒழுகுது. உக்காருங்க, கவுந்திருவோம்" என்றார் வள்ளக்காரர்.

அதோடு விட்டாரா? எண்ணெய்க் கிணறு தோண்டும் பம்பாய்க் கம்பெனி ஒன்றில் ஷேர் வாங்க வேண்டுமென்று, அடகு வைக்க மனைவியின் அட்டிகையைக் கேட்டார். வீடு கட்ட அவர்களிடம் இருந்ததே அது ஒன்றுதான். நாங்கள் மதினி என்று கூப்பிடும் அந்த அம்மாள், உடன்குடிக் கருப்பட்டி வியாபாரியின் மகள்.

"ஏளா, முத்துக்குளிப்புல சிப்பியத் திறக்காமத்தானே குவியல் குவியலா ஏலம் எடுப்பாவ? ஷேரும் அப்படித்தான். நம்பணும்!"

"சரி, ஷேரு எம்பேர்ல இருக்கட்டும்" என்றார் மதினி.

நம் கடலிலும் துளை போடப் போகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்ப, ஷேர் கிடுகிடுவென்று ஏறியது. அண்ணாச்சி அதைவிட உயரத்தில் இருந்தார். "சார், இனிமே வேலைக்கு வரணுமான்னு யோசிக்கேன்" என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டார். அந்த வாரமே மதினி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"ஷேரை வித்துட்டேன்."

"அடிப்பாவி! எண்ணெயே இன்னும் வரலியே!"

"ஏலம் எடுத்த சிப்பியத் திறக்காம, கரையிலயே கூட வெலைக்குக் கைமாத்துனவன்தான் பொழச்சான். திறந்தவன்ல பாதிப்பேரு நாத்தத்தோடதான் வீட்டுக்குப் போனான்."

அண்ணாச்சி இரண்டு வாரம் மதினியோடு பேசவில்லை. அப்புறம் புரளி பொய்யாகி, ஷேர் தரையைத் தொட்டது. அன்றைக்கு ஆபீஸ் முழுக்க மக்ரூன் கொடுத்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? "வாங்கச் சொன்னது நாந்தான்லா!" என்று ஒரு மேஜை விடாமல் மார்தட்டினார். அட்டிகை திரும்பி வந்தது, வீடும் எழும்பியது. கொல்லையில் கிணறு தோண்டியபோது ஆட்களை நிறுத்திவிட்டு மண்ணை முகர்ந்து பார்த்ததையும் சொல்லியாக வேண்டும்.

பால் காய்ச்சிய அன்று மதினி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எல்லாத்தையும் விக்கல தம்பி. கொஞ்சம் வச்சிருக்கேன். காலையில பேப்பரப் பிரிக்கும்போது அவியளுக்கு ஒரு சந்தோசம் வேணும்லா?"

எங்காவது எண்ணெய் கிடைத்தது என்று செய்தி வந்தால் இன்றைக்கும் ஓடிப்போய்ப் படிக்கிறேன். அது நம் கடலாக இருக்கக் கூடாதா, அந்த மனிதர் சொன்னது ஒருமுறையாவது பலிக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.