காலைக்காட்டு மாஸ்டர்

மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளாத ஒரே ஆள், இந்தப் பூமியில், எங்கள் மரக்காணத்துக் காலைக்காட்டு மாஸ்டர்தான். யார் எதிரில் வந்து நின்றாலும் தலையைக் குனிந்துகொண்டு, "காலைக் காட்டு" என்பார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

உப்பளத்தை ஒட்டிய உப்பங்கழியில் விண்ட்சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. பலகை மேல் நின்று, அதில் நட்ட பாயைப் பிடித்துக்கொண்டு காற்றோடு போகிற விளையாட்டு. மாஸ்டர் அங்கே பயிற்சியாளர், நான் ரிசப்ஷன். தண்ணீருக்கு அடியில் கத்தி கத்தியாகச் சிப்பி கிடக்கும். அதனால் மாஸ்டருக்கு ஒரே சட்டம்: காலுக்குச் சரியான நியோப்ரீன் ஷூ இல்லாதவர்களுக்குப் பலகை கிடையாது. நியோப்ரீன் என்றதும் மிரள வேண்டாம். தண்ணீரில் இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்கிற மெத்தென்ற ரப்பர்தான்.

ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் புது ஷூவோடு ஜீப்பில் வந்து இறங்கினார். மாஸ்டர் சட்டென்று அவர் முன்னால் குனிந்தார். அதிகாரி உருகிப்போய் அவர் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பா" என்றார்.

கீழேயிருந்து குரல் வந்தது. "நல்லா இல்ல சார். ஒரு சைஸ் பெருசு. உள்ள தண்ணி பூந்துச்சுன்னா ஷூ ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் போவீங்க."

அதிகாரி அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

மாஸ்டரோடு பாண்டிக்கு ஷூ வாங்கப் போவது அதைவிடப் பெரிய கூத்து. கடைக்குள் நுழைந்ததும் ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். காய்ந்திருக்கும்போது கச்சிதமாக இருக்கும் ஷூ நனைந்தால் நெகிழ்ந்துவிடுமாம். அதனால் நனைத்துப் போட்டு நடந்து பார்க்காமல் வாங்க மாட்டார். தரையெல்லாம் வெள்ளம்.

"இன்னா சார் இது, செருப்புக் கடையா, நீச்சல் குளமா?" என்று கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

அடுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்துத் தரையில் வைப்பார். "மிதி. தெரியலன்னா சோல் தடிப்பு, காலுக்குப் பலகையே தெரியாது. குத்துச்சுன்னா மெல்லிசு, சிப்பி கிழிச்சுடும். இருக்குதுன்னு மட்டும் தெரியணும். புரியுதா?"

சென்னைப் பையன் ஒருவன் இரண்டு விரல் கனத்தில் ஒரு பூட்ஸ் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினான். "ஏம்பா, இது பனி பேயிற நாட்டுக்காரன் போடுறது. நம்ம வெயில்ல உள்ள காலு இட்லியா வெந்துடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்த மனிதரிடம்தான் நான் வேலை பார்த்தேன், மேஜைக்கு அடியில் காலை மறைத்துக்கொண்டு. எனக்கு இடது கால் ஏழு, வலது கால் ஐந்து. பிறவியிலேயே அப்படி. எந்தக் கடைக்காரர் ஜோடியைப் பிரித்துக் கொடுப்பார்? ஏழில் மூடின செருப்பாக வாங்கி, வலதுக்குப் பஞ்சு அடைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் சாயங்காலக் காற்றில் பாய்கள் விரியும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரே ஒரு தடவை அந்தப் பலகையில் நின்றுவிட வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது.

ஒருநாள் வாய் விட்டுக் கேட்டும்விட்டேன்.

"காலைக் காட்டும்மா."

"அதெல்லாம் முடியாது மாஸ்டர்."

"அப்ப பலகையும் முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக் கழற்றி மேஜை மேலேயே வைத்தேன், பஞ்சோடு. மாஸ்டர் எட்டிக் காலைப் பார்த்தார். அப்படியே எழுந்து போய்விட்டார். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மேஜையில் ஒரு ஜோடி கிடந்தது. இடது ஏழு, வலது ஐந்து. நனைத்துப் பார்த்தேன், கல் உப்பை மிதித்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

"எப்படி மாஸ்டர் கெடச்சுது?"

"கம்பெனியிலயே இப்டியும் போடுறான்மா. நமக்குத்தான் தெரியாது."

நம்பினேன். கழியில் இறங்கி, விழுந்து, உப்புத் தண்ணீர் குடித்து, எழுந்து, மறுபடி விழுந்து, கடைசியில் நின்றேன். காற்று என்னையும் இழுத்துக்கொண்டு போனது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

ஆனால் அதுவரை விழுந்தே பார்த்திராத மாஸ்டர், அதற்குப் பிறகு தொப்பு தொப்பென்று விழ ஆரம்பித்தார். கரையில் நடந்தாலும் ஒரு காலைத் தாங்கினார், இன்னொரு காலை இழுத்தார். "மாஸ்டருக்கு வயசாயிடுச்சு" என்றார்கள். "இன்னா மாஸ்டர், கண்ணு தெரியலையா?" என்று நானும் கேலி செய்தேன். சிரித்துக்கொள்வார்.

எல்லோருடைய ஷூவையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுவது என் வேலை. கொஞ்ச நாளாக மாஸ்டர் மட்டும் தன்னுடையதைத் தொட விடவில்லை. ஒருநாள் காற்றில் கொடியிலிருந்து அவர் ஷூ விழுந்தது. எடுத்துத் தட்டும்போது உள்ளே நம்பரைப் பார்த்தேன். இடது ஐந்து. வலது ஏழு.

மாஸ்டருக்குக் கால் ஆறு.

பழைய ஷூ நைந்துபோய்ப் புதுசு வாங்க வைத்திருந்த காசில், ஏழில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று இரண்டு ஜோடி வாங்கியிருக்கிறார். எனக்குப் பொருந்தியதை எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். ஒரு சைஸ் கூடுதல் என்று அதிகாரியையே திருப்பி அனுப்பிய மனிதர்!

ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாஸ்டர், காலைக் காட்டுங்க."

அவர் அவசரமாக இரண்டு காலையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அதற்குள் பார்த்துவிட்டேன். இடது கால் விரல்களெல்லாம் கொப்புளம்.

"சும்மா போம்மா" என்று நிமிர்ந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார்.